அம்மம்மாவின் குரல் முப்பது வருடம் கழித்தும் விளங்க வேண்டுமென்றால்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு வீட்டுக்குப் போய், பழைய படம், சாதகம், காணி உறுதி ஏதும் இருக்கிறதா என்று கேட்டால், பல இடங்களில் ஒரே மாதிரிப் பதில்தான் வரும். "புயலோட போச்சு." "சுனாமில போச்சு." "தொண்ணூறுல ஓடக்குள்ள விட்டுட்டு வந்த." 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி கூரையோடு பெட்டகத்தையும் கொண்டுபோனது. 1985இலும் 1990இலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் கல்லடி, நாவலடி தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, திருக்கோவில் வரை கரையோர வீடுகளைத் துடைத்துவிட்டது. 2006, 2007இல் வாகரையும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையும் மறுபடி காலியாகின. ஆகவே இங்கே ஒரு மூத்தவரின் நினைவு கடதாசிக்குத் துணையாக இருப்பதில்லை. பெரும்பாலும் அதுதான் இருக்கிற ஒரே பிரதி.

கையில் போன் இருப்பதால் பதிவு செய்வது இப்போது யாருக்கும் பெரிய வேலை இல்லை. பல குடும்பங்களில் ஏற்கெனவே மணிக்கணக்கில் குரல் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுப் பார்த்தால், "பெரியவன் வந்து வளவ வித்துப்போட்டான், மறுகாதான் நாங்க அங்கால போன" என்று போகும். யார் அந்தப் பெரியவன், எந்த வளவு, அங்கால என்றால் ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்பது இப்போது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். முப்பது வருடம் கழித்துக் கேட்கப்போகும் கொள்ளுப்பேரனுக்கு இதைக் கேட்டறிய ஒருவரும் இருக்கமாட்டார். இந்தக் கட்டுரையில் வரும் வேலைகள் எல்லாம் அவனுக்காகத்தான். பதிவு செய்வதை விட, பதிவு விளங்கும்படி செய்வதில்தான் உழைப்பு அதிகம்.

யாரிடம் முதலில் போவது

கிழக்கில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் பேரப்பிள்ளைகள் அம்மம்மாவின், உம்மும்மாவின் வளவிலேயே வளர்கிறார்கள். அவர்களுடைய கதை கேட்காமலேயே காதில் விழுந்துவிடும். தகப்பன் வழியில் அப்படி இல்லை. அப்பம்மா வேறு ஊரில், தன் மகள் வீட்டில் இருப்பார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்க் காலில் விழுந்து கும்பிட்டு வருவதோடு உறவு முடிந்துவிடும். தகப்பன் வழிக் கதைதான் முதலில் அழிகிறது. ஆகவே அருகில் இருப்பவரை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பவரிடம் முதலில் போவது புத்தி. நோயாளியும் காது மங்கி வருபவரும் இருந்தால் அவர்களுக்கே முதலிடம்.

வம்சப் படம் வரைவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வம்சப் படச் செயலிகள் அநேகமாகத் தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்குகின்றன. இங்கே குடி, அதாவது வம்சக் கிளை, தாயிடமிருந்து வருகிறது. உலகிப்போடி குடி, படையாண்ட குடி, காலிங்கா குடி, பெத்தான் குடி என்று ஒருவருக்குச் சொல்லும்போது, அது அவர் தாயின், தாயின் தாயின் குடி. எனவே தாயின் தாயின் தாயை உச்சியில் வைத்து வரைய வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் குடியை எழுத வேண்டும். கோயிலில் எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் எந்தக் குடியில் இருந்து என்ற விபரம் பிறகு வந்து பொருந்துவது அந்த இடத்தில்தான்.

இன்னொரு பொறி: கலியாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பெண்ணுக்கு இரண்டு முதலெழுத்து இருக்கும், தகப்பன் பெயருடையது ஒன்று, புருசன் பெயருடையது ஒன்று. பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர், காணி உறுதியில் இன்னொன்று, ஊரில் கூப்பிடும் வீட்டுப் பெயர் மூன்றாவது. மூன்றையும் ஒரே வரியில் எழுதாவிட்டால், அடுத்த தலைமுறை அவரை மூன்று பெண்களாக்கிவிடும். 'மாமா' என்று மட்டும் எழுதுவதும் அப்படித்தான். தாயின் சகோதரனும் மாமா, தகப்பனின் சகோதரியுடைய புருசனும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. 'அம்மம்மாவின் அம்மாவுடைய தம்பி' என்று வழியைச் சொல்லி எழுதினால் குழப்பம் இல்லை.

எந்த வருடம் என்று கேட்டால் வராது

மூத்தவர்களிடம் வருடம் கேட்பது வீண். "ஆருக்கு மனே ஞாபகம்" என்பார்கள், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. வருடத்துக்குப் பதிலாக, ஊர் முழுதும் அறிந்த ஒரு சம்பவத்துக்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். "புயலுக்கு முந்தியா, பிந்தியா? அப்ப சின்னம்மா பிறந்திட்டாவா? நடப்பாவா, இடுப்புலயா?" மூன்று கேள்வியில் ஒரு வருட இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் சில முளைகள்: 1942 ஏப்ரல் 9, யப்பான் விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த நாள். இப்போது தொண்ணூறைத் தொட்டவர்களின் சிறுவயதுக்கு மட்டும் இது பயன்படும். 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்ட வேலை தொடக்கம். 1955 ஜூன் 20, காலையிலேயே இருட்டிய முழுச் சூரிய கிரகணம். 1957 டிசம்பர் பெருவெள்ளம். 1958 ஜனவரியில் தனியார் பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு மாறியது. 1961இல் மட்டக்களப்பில் இருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்ததும், அதே வருடம் கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு) முன் நடந்த சத்தியாக்கிரகமும். எழுபதுகளின் முற்பாதியில் பாண் வரிசையும் மரவள்ளிக்கிழங்கும். பிறகு புயல். ஆற்றைக் கடந்த வழியும் காலம் சொல்லும். கல்லடிப் பழைய பாலம் 1924, புதியது 2013. மண்முனைத் துறையில் பாதையில் (ஆறு கடத்தும் மிதவையில்) ஏறிப் போனோம் என்றால் அது 2014இல் பாலம் திறப்பதற்கு முன். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருந்தால் போதும். மூத்தவருக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை.

சாதகம் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதில் வருடத்தின் பெயர்தான் இருக்கும், எண் இருக்காது. பெயர் அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வருவது. 'விளம்பி' என்றால் 1898, 1958, 2018. ஆளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும் என்பதால் அதில் பிழை வராது. பிழை வருவது மாதத்தில். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால், விளம்பி வருடத்துத் தை, மாசி, பங்குனி 1959ஐச் சேர்ந்தவை. விளம்பி என்றவுடன் 1958 என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

முஸ்லிம் குடும்பங்களில் நோன்பு ஒரு நல்ல மணிக்கூடு. ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு என்பதால் ரமழான் ஒவ்வொரு வருடமும் முன்னுக்கு நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் ஒரு சுற்று வரும். "மாரி வெள்ளத்துக்குள்ள நோன்பு பிடிச்ச, அப்பதான் ராத்தாக்கு முதல் பிள்ளை" என்று உம்மும்மா சொன்னால், நோன்பு நவம்பர், டிசம்பரில் வந்த வருடங்களைப் பார்க்க வேண்டும். அது 1965 தொடக்கம் 1970 வரை, அல்லது 1998 தொடக்கம் 2003 வரை. ராத்தாவின் வயது மீதியை முடித்துவைக்கும்.

அடையாள அட்டையும் உதவும். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. ஆகவே 41562 என்று தொடங்கினால் பெண், 1941 மார்ச் 2. ஆனால் எழுபதுகளில் அட்டை எடுக்கும்போது பிறப்புப் பத்திரம் இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு போனவர்கள் ஏராளம். அவர்களுடைய தேதி எழுதுவினைஞர் மேசையில் பிறந்தது. அதனால் அட்டையில் உள்ளதை 'அட்டைப்படி' என்றும், வாய்ச்சொல்லை 'சொன்னபடி' என்றும் இரண்டாக எழுதி வையுங்கள். ஒன்றை வெட்டி மற்றதை நிலைநாட்டும் அவசரம் வேண்டாம்.

கேள்வி

"அந்தக் காலத்துச் சீவியத்தச் சொல்லுங்க அம்மம்மா" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ற மனே, கஷ்டந்தான்" என்பதோடு நிற்கும். கேள்வி பெரிதானால் பதில் சிறிதாகும். கேள்வி ஒரு பொருளையோ ஓர் இடத்தையோ ஒரு வேலையையோ தொட வேண்டும்:

"விடியக்காலம் அடுப்புக்கு நெருப்பு எங்கால எடுத்த நீங்க?"

"பக்கத்து வளவுலதான். சிரட்டைக்குள்ள தணல் எடுத்து, மேல சாம்பல் போட்டுக் கொண்டு வாற."

"ஏன், நெருப்புப்பெட்டி இல்லையா?"

"இருந்த. அது அப்பாட சுருட்டுக்கு. நாங்க தொட ஏலா."

இந்த நாலு வரியில் அயல் உறவு, பணத்தட்டுப்பாடு, வீட்டில் யாருக்கு என்ன உரிமை என்று எல்லாம் வந்துவிடுகிறது. இதற்குப் பிறகு கேட்க வேண்டியது "மறுகா?" (பிறகு?) என்பது மட்டும்தான். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை சும்மா இருங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் நல்லது.

ஊர்ப்படம் வரையச் சொல்வது இன்னொரு நல்ல வழி. பெரிய தாள், தடித்த பேனை. பிறந்த வீடு நடுவில். கிணறு, கோயில் அல்லது பள்ளிவாசல், வட்டை (வயல்வெளி), ஆறு, சவக்காலை, பயந்து போகாத இடம். கை வரையாவிட்டால் அவர் சொல்ல நீங்கள் வரையலாம். வீடு இடிந்து வேறு வீடு வந்த இடங்களிலும், ஊரே இடம் மாறிய இடங்களிலும் இந்தப் படத்துக்கு இணையாக எந்தக் கச்சேரி ஆவணமும் இல்லை.

வேலையைப் பற்றிக் கேட்பவர் அந்த வேலையின் உறுப்புகளைத் தெரிந்து போக வேண்டும். வேளாண்மை செய்தவரிடம் எந்த வட்டை, அதைப் பார்க்கும் வட்டவிதானை ஆர், போடியாருக்கும் (வயல் சொந்தக்காரருக்கும்) முல்லைக்காரருக்கும் (அவருக்கு வயல் செய்பவருக்கும்) கணக்கு எப்படி, சூடு (கதிர்க்குவியல்) எங்கே வைத்தது, மிதிக்க எத்தனை மாடு, களவெட்டியில் (மிதிக்கும் களத்தில்) வழமையான சொல்லுக்குப் பதில் என்ன சொல் பாவித்தது என்று போகலாம். அளவைகளில் கவனம்: அவணம், மரைக்கால் என்று வந்தால் "உங்கட ஊர்ல ஒரு அவணத்துக்கு எத்தின மரைக்கால்?" என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் வேறுபடுவது அது. புசல் என்றால் கவலையில்லை, நெல்லுக்கு ஏறக்குறைய 21 கிலோ. கடற்கரையில் கரைவலைக்கு எத்தனை பேர், வலைக்காரருக்கு எத்தனை பங்கு, தோணிக்கு எத்தனை. மருதமுனையில் தறியில் இருந்தவரிடம் நூல் எங்கே வாங்கியது, சாயம் யார் போட்டது, நாளைக்கு எத்தனை சாரம். சமையலென்றால் 'ஒரு பிடி' என்று எழுதிவிட்டு வந்துவிடாமல், அவர் கையாலேயே ஒரு பிடி எடுக்கச் சொல்லித் தராசில் போட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பிடி வேறு, உங்கள் பிடி வேறு.

பாட்டுக் கேட்கும்போது இடம் பார்க்க வேண்டும். தாலாட்டும் கவியும் எங்கேயும் பாடுவார்கள். ஒப்பாரியைச் சாவில்லாத வீட்டுக்குள் பாடப் பல பெண்கள் விரும்பமாட்டார்கள். வீட்டுக்கு வெளியே மரநிழலில் இருந்து, பாடாமல் சொல்லாகச் சொல்லச் சொன்னால் சம்மதிக்கக்கூடும். கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலை வைகாசிச் சடங்குக்கு வெளியே பாடலாமா என்பதை அவரிடமும் கோயில்காரரிடமும் கேட்ட பிறகே பதிவுப் பொத்தானைத் தொட வேண்டும். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் குடும்பங்களில் மூத்தவர்கள் இன்னும் போர்த்துக்கீசக் கிரியோல் பேசுகிறார்கள். அங்கே முதலில் வீட்டு மொழியிலேயே சொல்லவிட்டு, பிறகு அதே கதையைத் தமிழில் கேட்பது நல்லது. தமிழில் தொடங்கினால் பாதி உள்ளேயே நின்றுவிடும்.

புருசனும் பெண்சாதியும் சேர்ந்து இருந்தால் ஒருவர் மற்றவருக்காகப் பேசுவார். "அவக்கு என்ன தெரியும், நான் சொல்றன்" என்று பெரியவர் தொடங்கிவிட்டால் அந்தப் பதிவில் அவருடைய கதை மட்டும்தான். முதலில் தனித்தனியாக, பிறகு ஒன்றாக. ஒன்றாக இருக்கும்போது வரும் சண்டை பெறுமதியானது. இருவர் சொல்வதும் முரண்பட்டால் திருத்த வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

ஒலி

வீடியோவை விட ஒலி மட்டும் எடுப்பது பெரும்பாலும் மேல். கமரா கண்டால் மூத்தவர்கள் நல்ல சாறி மாற்றி, நல்ல தமிழ் பேசத் தொடங்கிவிடுவார்கள். பன் பாய் இழைப்பது, வலை பின்னுவது, மா இடிப்பது போன்ற கைவேலைக்கு மட்டும் வீடியோ. அப்போதும் முகத்துக்கு முன் நிற்காமல், தோளுக்குப் பின்னால் இருந்து கையைப் பார்க்கும்படி, போனைக் கிடையாக வைத்து எடுக்க வேண்டும்.

போனை விமான நிலைக்கு மாற்றுங்கள். அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், நின்றது தெரியவும் தெரியாது. பதிவுச் செயலியில் தெரிவு இருந்தால் 'வேவ்' வடிவம், 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். நிமிடத்துக்கு ஐந்து மெகாபைட்டுக்குச் சற்று மேல், ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 320. இடமில்லாத போனில் 128 கிலோபிட் எம்4ஏ எடுத்தால் மணித்தியாலத்துக்கு 60 மெகாபைட் போதும், பேச்சுக்கு அது மோசமில்லை. மோசம் வட்ஸ்அப் குரல் செய்தி. அது அனுப்புவதற்காக ஒலியை மிகவும் சுருக்கிவிடும். அதில் பதியாதீர்கள். வேறு செயலியில் பதிந்ததை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் 'ஆவணம்' என்ற வழியால் அனுப்புங்கள்.

போன் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். வெறும் மேசையில் வைத்தால் கை தட்டுவதும் கோப்பை வைப்பதும் இடி போல் விழும், மடித்த துவாயின் மேல் வையுங்கள். உடுப்பில் குத்தும் சிறு மைக் இருந்தால் நாடியிலிருந்து ஒரு சாண் கீழே. சாறித் தலைப்பும் சங்கிலியும் அதில் உரசாமல் பாருங்கள். மின்விசிறிதான் முதல் எதிரி. நிற்பாட்ட முடியாத வெயிலென்றால் நிலத்தில் நிற்கும் விசிறியை மைக்குக்குப் பின்னால், தூரத்தில். கடற்கரை வீட்டில் காற்றுப் பக்கத்து யன்னலைச் சாத்த வேண்டும். நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்லது. சமையல் தொடங்கிவிட்டால் அவர் மனம் அடுப்பில் இருக்கும். காது கேட்கும் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அரை நிமிடம் பதிந்து காதுக்குழாயில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

ஒரு இருப்பு 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். ஒரு வாரம் விட்டு மறுபடி. முதல் நாள் கிளறிவிட்டது இரவில் படுக்கும்போது ஒவ்வொன்றாக மேலே வரும், அடுத்த தடவை போகும்போது "அண்டைக்கு ஒண்டு சொல்ல மறந்திட்டன்" என்று அவரே தொடங்குவார். ஒரே நாளில் நாலு மணித்தியாலம் எடுத்து முடித்தவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் உங்கள் குரலில் சொல்ல வேண்டியது: இன்று தேதி, இருக்கும் ஊரும் வீடும், பேசுபவரின் முழுப்பெயர், வீட்டுப் பெயர், கேட்பவர் அவருக்கு என்ன முறை, பக்கத்தில் வேறு யார். இருபது செக்கனில் முடிகிற இந்த அறிமுகம் இல்லாத பதிவு, கோப்பின் பெயர் மாறிய நாளோடு அநாதையாகிவிடும்.

முழுதும் எழுதத் தேவையில்லை

ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத்தாக்க நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம் வேண்டும். பலர் இதை நினைத்துப் பயந்தே எதையும் எழுதாமல் விடுகிறார்கள். குரலைத் தானாக எழுத்தாக்கும் செயலிகள் செய்தித் தமிழில் ஓரளவு ஓடும், 'வரக்குள்ள', 'மறுகா', 'கிறுகி' என்று வந்தால் தடுமாறும். அவை தருவதை நம்பி, குரலை அழித்துவிடாதீர்கள்.

அதற்குப் பதில் ஒரு சுட்டி செய்யலாம். ஒரு தடவை கேட்கும் நேரத்தில் செய்து முடிக்கக்கூடியது:

00:00 அறிமுகம்
02:10 பிறந்த வளவு, கிணறு தெற்கில், பக்கத்து வளவு தாயின் மூத்த சகோதரிக்கு
09:35 'பெரியவன்' = தாயின் மூத்த தம்பி. வளவு விற்றது, வெள்ளத்துக்கு அடுத்த வருடம் (1958?)
17:20 அம்பிளாந்துறைப் பாதையில் ஆறு கடந்தது, கூலி
26:00 அழுகை. தங்கையின் சாவு. வெளியில் கொடுக்க வேண்டாம் என்றார்
31:45 தாலாட்டு, முழுதும்

ஊகித்ததற்குக் கேள்விக்குறி கட்டாயம். சில துண்டுகளை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதலாம். எழுதும்போது 'வந்த', 'போன', 'செஞ்ச' என்பதை 'வந்தேன்', 'சென்றோம்' என்று திருத்தாதீர்கள். யார் வந்தார் என்பது விளங்காவிட்டால் பக்கத்தில் அடைப்புக்குள் பெயரைப் போடலாம். இன்னொன்று: பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பழைய குடும்பக் குறிப்புகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை இப்போதே யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன.

நோகும் இடங்கள்

காணாமல் போனவர்கள், கடலோடு போனவர்கள் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அதை நோக்கிக் கேள்வியால் தள்ளக்கூடாது. அவராகப் போனால் தடுக்கவும் கூடாது. தொடங்கு முன்பே "எங்கயும் நிப்பாட்டலாம், அழிக்கச் சொன்னா அழிப்பம்" என்று சொல்லிவிடுங்கள். இரவில் இந்தக் கதை வேண்டாம். முடிந்ததும் உடனே எழும்பிப் போகாமல், ஒரு தேத்தண்ணி குடித்து, வேறு பேச்சுக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.

சம்மதத்தை இரண்டு தடவை கேட்க வேண்டும், தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை. என்ன சொல்லப்போகிறோம் என்பது தொடக்கத்தில் அவருக்கே தெரியாது. முடிவில் கேட்பதுதான் உண்மையான சம்மதம். யார் கேட்கலாம் என்பதையும் பிரித்துக் கேளுங்கள்: பிள்ளைகள், சொந்தக்காரர், ஊர், எல்லாரும். உயிரோடு இருப்பவர் பெயர் சொல்லி வரும் குற்றச்சாட்டு, காணித் தகராறு, கோயில் உரிமைச் சண்டை, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற பேச்சு எல்லாம் குடும்பப் பிரதியில் மட்டும் இருக்கட்டும். வெளியே போவதற்கு அந்த நிமிடங்களை வெட்டிய இரண்டாம் பிரதி ஒன்று செய்யலாம். மூலத்தை வெட்டக்கூடாது. குடும்ப வட்ஸ்அப் குழு 'குடும்பம் மட்டும்' ஆகாது. அங்கே போட்டது அன்று இரவே ஊரைச் சுற்றும்.

மறதி நோய் தொடங்கியவரிடம் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கேள்வியை விடப் பழைய படம், பழைய பாட்டு, கையில் ஒரு பொருள் நன்றாக வேலை செய்யும். தங்கையை மகள் என்றால் திருத்தாதீர்கள், சுட்டியில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

படம், கடதாசி, கசற்

தப்பியிருக்கும் படங்களைச் சாதாரண அளவென்றால் 300 டிபிஐயில், பாஸ்போட் அளவென்றால் 1200இல் ஸ்கேன் செய்யுங்கள். இடைப்பட்டவைக்கு 600. ஸ்கேனர் இல்லாவிட்டால் விறாந்தை நிழலில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்குச் சரி நேராகப் பிடித்து எடுக்கலாம். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே படம் பிடியுங்கள். பின்பக்கம் எழுதுவதற்கு மெல்லிய 2பி பென்சில். குமிழ்முனைப் பேனை முன்பக்கம் தெறிக்கும். வாவி ஈரமும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அமிலமில்லாத கடதாசி உறை கிடைக்காவிட்டால் வெள்ளைப் பருத்தித் துணி போதும், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு.

லமினேட் செய்யாதீர்கள். உறுதி, சாதகம், பிறப்புப் பத்திரம் எதையும். பாதுகாப்பென்று நினைத்துச் செய்கிற இந்தக் காரியம் சூட்டால் கடதாசியைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஏட்டோலைக்கு இது இன்னும் மோசம்.

எண்பதுகளில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களும் பேசி அனுப்பினார்கள். பழைய அலமாரியில் சினிமாப் பாட்டு என்று நினைத்துக் கிடக்கும் கசற்றுகளில் இவை இருக்கலாம். போடு முன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு தக்கைகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவாகாது. வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம், இயந்திரமும் கெடும், மற்றக் கசற்றுகளும் கெடும். நல்லதாக இருந்தால் ஒரு தடவை முழுதும் ஓட்டித் திருப்பிச் சுற்றி, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் இயந்திரத்தின் வாசிக்கும் தலையைத் துடைத்து, காதுக்குழாய்த் துளையில் இருந்து கணினிக்கு வயர் கொடுத்துப் பதியலாம்.

எங்கே வைப்பது

பெயரில் வருடம் முன்னுக்கு வர வேண்டும்: '2025-02-09_மண்டூர்_தங்கப்பிள்ளை_01' என்பது போல. 'அம்மம்மா 1' என்று பெயரிடுவது எல்லாரும் செய்வது. அது உங்களுக்கு அம்மம்மா, உங்கள் மகளுக்கு வேறொருவர் அம்மம்மா.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். இங்கே 'வேறு ஊர்' என்பதைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லடியில் ஒன்றும் காத்தான்குடியில் ஒன்றும் என்றால் ஒரே கடலுக்கு முன்னால் இரண்டு பிரதி. கொழும்பில், கண்டியில், கட்டாரில், கனடாவில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று போகட்டும். மெமரி காட்டும் பென்ரைவும் எடுத்துச் செல்லத்தான், மின் கொடுக்காமல் வருடக்கணக்கில் போட்டுவைக்க நம்பத் தகுந்தவை அல்ல. கூகுள் டிரைவ் இலவசமாக 15 கிகாபைட் தரும். ஆனால் இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை அந்த நிறுவனம் அழிக்கலாம். கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவருக்கு ஏதும் ஆன பிறகு நடப்பதும் அதுதான். இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

குடும்பத்துக்கு வெளியேயும் பயன்படக்கூடியது, சம்மதமும் இருக்கிறது என்றால், ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' ஒலி, ஒளி, படங்களை ஏற்று வைக்கிறது. கொடுக்கும்போது சுட்டியையும் சம்மத விபரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் ஒலிக்கோப்பை வைத்து அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

வருடத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கல் விடுமுறையோ பெருநாள் விடுமுறையோ, எல்லாப் பிரதிகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். திறக்காத கோப்பு இருந்தால் அதில் எதையும் திருத்த முயலாமல், நல்ல பிரதியில் இருந்து புதிதாக எடுத்து வையுங்கள். மூன்று பிரதி வைத்தது அதற்குத்தான். பார்த்த தேதியையும் பார்த்தவர் பெயரையும் சுட்டியின் அடியில் எழுதிவிட்டால், அடுத்த தடவை யாருடைய முறை என்ற பேச்சும் வராது.